எரிபொருள் அழுத்தக் கோளாறு: பக்கியைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு அருகே, பைன்டவுனிலிருந்து குளூஃப் நோக்கிப் போகும் ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில், பின்னால் சுமையோடு ஏறும் பக்கி, அதாவது திறந்த பின்தட்டுள்ள சிறு சுமைவண்டி, பாதி வழியில் திணறத் தொடங்கினால், மறுநாளே எரிபொருள் பம்பை மாற்றிவிடுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. சில வண்டிகளில் அதோடு கோளாறு தீர்ந்தும் விடுகிறது. ஆனால் பழைய பம்ப் கெட்டிருந்ததால்தான் தீர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பம்பைக் கழற்றி மாட்டும்போது களிம்பு பிடித்த மின் இணைப்பு சுரண்டப்படுகிறது, தளர்ந்த எர்த் இறுகுகிறது, அடைத்திருந்த ஃபில்ட்டரும் கூடவே மாற்றப்படுகிறது. எது கோளாறைத் தீர்த்தது என்று தெரியாமலே பழி பம்பின் மேல் விழ, அடுத்த வண்டிக்கும் அதே வைத்தியம் நடக்கிறது.

பம்ப் ஓடும் ஓசை கேட்பதால் பம்ப் நன்றாக இருக்கிறது என்று எண்ணுவது இதற்கு நேரெதிரான தவறு. மோட்டார் சுழல்கிறது என்பதற்கு மேல் அந்த ஓசை எதையும் சொல்வதில்லை. உள்ளே தேய்ந்துபோன பம்பும் நன்றாகவே இரையும். சாவியைத் திருப்பியதும் இரண்டு விநாடி ஓடிவிட்டுப் பம்ப் நின்றுவிடுவதைக் கண்டு அது செத்துவிட்டது என்று முடிவு கட்டுவோரும் உண்டு. எஞ்சின் சுழலாதவரை பம்பைத் தொடர்ந்து ஓடவிடாமல் நிறுத்துவது, எரிபொருளை அழுத்தத்தோடு பீய்ச்சும் பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கணினியின் இயல்பான வேலை. விபத்தில் எரிபொருள் பீய்ச்சிக்கொண்டே இருக்கக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

அழுத்தமானியை மாட்டுவதற்கு முன்பே, தன் வண்டியில் எவ்வளவு அழுத்தம் இருக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2008 வரை இங்கே தயாரிக்கப்பட்டு இன்னும் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கும் நிசான் 1400 போன்ற கார்புரேட்டர் வண்டிக்கு 0.2 முதல் 0.4 பார் வரை போதும். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் பக்கிகளில் பொதுவாக 2.5 முதல் 4 பார் வரை இருக்கும். சரியான எண் வண்டியின் பணிமனைக் கையேட்டில்தான் கிடைக்கும். ஒரு பார் என்பது 100 கிலோபாஸ்கல், அதாவது ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ; அழுத்தமானி ஓர் அலகிலும் கையேடு வேறோர் அலகிலும் இருக்கும்போது கணக்கில் சறுக்குவோர் நிறைய. கார்புரேட்டர் வண்டிக்கு இன்ஜெக்‌ஷன் பம்பை வாங்கி மாட்டினால், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறையின் ஊசி வால்வு அந்த அழுத்தத்தைத் தாங்காமல் பெட்ரோல் வழிந்து சூடான எஞ்சின் மேல் ஊற்றும். இதைச் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாட்டும் விதத்திலும் கவனம் வேண்டும். பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ எடுத்துவிட்டு எஞ்சினைத் தானாக அணையும்வரை ஓடவிட்டு, குழாயில் அழுத்தம் இறங்கிய பிறகே இணைப்பைப் பிரிக்க வேண்டும். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயின் துண்டைச் செருகி அழுத்தம் பார்ப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பெட்ரோலைத் தாங்கும் ஹோஸும் அதற்குரிய கிளிப்பும் இல்லையென்றால் வேலையைத் தொடங்கவே வேண்டாம். கதவு மூடிய கராஜில் செய்யாமல் காற்றோட்டமான இடத்தில், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கச் செய்ய வேண்டும்.

அளந்த எண்ணைப் படிப்பதில்தான் தவறுகள் குவிகின்றன. எரிபொருள் டாங்குக்குத் திரும்பும் குழாயுள்ள பழைய அமைப்பில், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருடன் ஒரு வெற்றிடக் குழாய் இணைந்திருக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது காற்றுப்பாதையில் வெற்றிடம் மிகுவதால் அழுத்தம் குறையும்; அந்தக் குழாயைக் கழற்றி அதன் முனையை அடைத்தால் அழுத்தம் அரை பார் அளவுக்கு ஏறும். அந்த ஏற்றத்தை ஒரு கோளாறாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஏறாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ரெகுலேட்டர் டாங்குக்குள்ளேயே இருக்கும் புதிய வண்டிகளில் பெரும்பாலும் அழுத்தம் எப்போதும் ஒரே அளவில் நிற்கும் என்பதால், அங்கே இந்தச் சோதனைக்கு இடமில்லை.

நம் நாட்டில் இதோடு உயரமும் சேர்ந்துகொள்கிறது. டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது, ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல், அங்கே 83 அளவில். ரெகுலேட்டர் காற்றுப்பாதையின் அழுத்தத்தைவிட 3 பார் கூடுதலாக வைக்க அமைந்தது என்றும், மெதுவோட்டத்தில் காற்றுப்பாதைக்குள் அழுத்தம் 35 கிலோபாஸ்கல் என்றும் எடுத்துக்கொண்டால், அதே பக்கியில் டர்பனில் அழுத்தமானி சுமார் 2.35 பார் காட்டும், ஜோஹன்னஸ்பர்க்கில் 2.5 பார் காட்டும். இரண்டும் சரியானவையே. ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்து மைத்துனர் தன் வண்டியில் இவ்வளவு வந்தது என்று தொலைபேசியில் சொன்ன எண்ணைக் கொண்டு இங்கே ரெகுலேட்டரை மாற்றுவது வீண் செலவு. வெற்றிடக் குழாயைக் கழற்றிவைத்து அளந்தால் இரு ஊர்களிலும் அதே 3 பார் வரும் என்பதால், ஒப்பிட வேண்டுமென்றால் அந்த எண்ணையே ஒப்பிட வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின், வான் ரீனன் கணவாயைத் தாண்டி மேட்டுநிலத்துக்குப் போனதும், அடர்த்தி குறைந்த காற்றினாலேயே தன் வலுவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை இழக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. அந்த இழப்புக்குப் பம்ப் பொறுப்பாகாது.

வாசலில் நிறுத்திவைத்து மெதுவோட்டத்தில் மட்டும் அளந்துவிட்டு, அழுத்தம் சரியாக இருக்கிறது என்று வண்டியைத் திருப்பிக் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் அதிகம் நடக்கும் தவறு என்பது என் கருத்து. மெதுவோட்டத்தில் எஞ்சின் குடிப்பது மிகக் குறைவு. பாதி அடைத்த ஃபில்ட்டர் வழியாகவும் அந்த அளவு எளிதாக வந்துவிடும், அழுத்தமும் குறையாது. சுமையோடு ஏறும்போது தேவை பல மடங்காகும் நேரத்தில்தான் பற்றாக்குறை வெளிப்படும். ஆகவே நீண்ட ஹோஸுள்ள அழுத்தமானியைக் கண்ணாடிக்கு வெளியே வைப்பருக்கு அடியில் கட்டி, ஒருவர் ஓட்ட, மற்றவர் எண்ணைக் கவனிக்க, வண்டி திணறுகிற அதே ஏற்றத்தில் பார்க்க வேண்டும். அழுத்தமானியை ஓட்டுநர் இருக்கும் அறைக்குள் கொண்டுவரவே கூடாது. வண்டி திணறும் கணத்தில் முள் இறங்கினால் கோளாறு எரிபொருள் பக்கம். முள் அசையாமல் நிற்க வண்டி மட்டும் திணறினால், தேடலை வேறு பக்கம் திருப்பலாம்.

அழுத்தம் இருந்தும் அளவு போதாமல் போவது உண்டு. குழாயின் முனையைப் பாத்திரத்தில் விட்டு, ரிலே வழியாகப் பம்பை அரை நிமிடம் ஓடவிட்டால் அரை லிட்டருக்குக் குறையாமல் வர வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். வராவிட்டால் அப்போதும் பம்பை உடனே குறை சொல்ல வேண்டாம். ஃபில்ட்டர், டாங்குக்குள் பம்பின் வாயிலில் இருக்கும் வலை, நசுங்கிய குழாய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மூடியைத் திறந்ததும் டாங்க் உஸ்ஸென்று காற்றை உள்ளிழுத்து, அதன் பிறகு வண்டி சற்று நேரம் நன்றாக ஓடினால், காற்று நுழையும் வழி அடைத்திருக்கிறது.

எஞ்சினை அணைத்த பிறகு அழுத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. காலையில் நீண்ட நேரம் சுழற்றினால்தான் கிளம்பும் வண்டிக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். உடனே அழுத்தம் இறங்கினால், பம்பிலிருந்து வரும் ரப்பர் ஹோஸை மெதுவாகப் பிடித்து அடைத்துப் பார்க்கலாம். அப்போது அழுத்தம் நின்றால், எரிபொருள் பின்னோக்கிப் போகாமல் காக்கும் பம்பின் தடுப்பு வால்வு கசிகிறது. திரும்பு குழாயை அடைத்தபோது நின்றால் ரெகுலேட்டர். இரண்டிலும் நிற்காவிட்டால், எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் சொட்டுகிறது என்று கொள்ளலாம். பிளாஸ்டிக் குழாயில் இதைச் செய்தால் விரிசல் விடும். எஞ்சின் ஓடும்போது திரும்பு குழாயை அடைத்தால் அழுத்தம் அளவுக்கு மீறி எகிறும். ரெகுலேட்டரின் வெற்றிடக் குழாயைக் கழற்றி முகர்ந்து பார்ப்பது காசில்லாத சோதனை. உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் அதன் சவ்வு கிழிந்துவிட்டது.

மின்சாரத்தைச் சோதிக்கும்போது, பம்பின் இணைப்பைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்து, 12 வோல்ட் வருகிறது, சரி என்று விட்டுவிடுகிறார்கள். சுமையில்லாத கம்பியில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் 12 வோல்ட் காட்டும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, பாட்டரியின் நேர்முனைக்கும் பம்பின் நேர்முனைக்கும் இடையே எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று பார்க்க வேண்டும்; எர்த் பக்கமும் அப்படியே. அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் பம்ப் மெதுவாகச் சுழல்கிறது என்று பொருள். கடற்காற்று உப்பைக் கொண்டுவரும் நம் கரையோரத்தில் எர்த் முனைகள் விரைவில் அரிக்கின்றன. திருட்டுக்கு அஞ்சிப் பிற்பாடு பொருத்தப்படும், வண்டியைக் கிளம்பவிடாமல் தடுக்கும் இம்மொபிலைசர்கள் பல வண்டிகளில் பம்பின் கம்பியையே வெட்டித் தம் ரிலேயை இடையில் நுழைக்கின்றன. டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒட்டுநாடா சுற்றிய அந்த இணைப்பு சூடாகித் தளர்வது அரிதல்ல. பம்பை விலை கேட்பதற்கு முன் அங்கே ஒரு முறை கையை விட்டுப் பார்ப்பது நல்லது.

வண்டியின் கணினியில், எரிபொருளுக்குக் காற்று மிகுந்து கலவை மெலிந்துவிட்டது என்னும் பி0171 குறியீடு வந்ததும் எரிபொருள் குறைகிறது என்று பொருள் கொள்வதும் அவசரமே. மெதுவோட்டத்தில் மெலிந்து, எஞ்சின் வேகம் கூடக்கூடச் சரியானால் எங்கோ காற்று ஒழுகி நுழைகிறது. சுமையில் மட்டும் மெலிந்தால் எரிபொருள் பக்கமாகவும் இருக்கலாம், அழுக்கேறிய காற்றளவு உணரியாகவும் இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்ல அழுத்தமானியால் முடியும்.

டீசல் பக்கி வைத்திருப்போர் மேலே சொன்ன எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ரெயில் என்னும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில், மெதுவோட்டத்திலேயே 250 முதல் 350 பார் வரை இருக்கும். முழுச் சுமையில் 1600 பாரையும் தாண்டும் எஞ்சின்கள் உண்டு. பழைய டீசல் எஞ்சினில் காற்றை வெளியேற்ற இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திப் பழகிய கை, அதே பழக்கத்தில் ஓடும் காமன் ரெயில் எஞ்சினில் ஸ்பேனரை வைத்தால், கண்ணுக்குத் தெரியாத நூல் போன்ற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியது போலச் சிறிதாகத் தெரிந்தாலும், உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரும். இந்த அழுத்தத்தை, வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் வரும் எண்ணைக் கொண்டு மட்டுமே பார்க்க வேண்டும்.

ரெயிலில் அழுத்தம் குறைந்தது என்னும் பி0087 வந்ததும் உயரழுத்தப் பம்பை மாற்றச் சொல்வோரின் பேச்சைச் சற்றுத் தள்ளி வைக்கலாம், ஏனெனில் அந்தப் பம்பின் விலை பெரிது. பல டீசல் பக்கிகளில் டாங்குக்குள் பம்ப் கிடையாது. முன்னாலிருக்கும் பம்பே எரிபொருளை உறிஞ்சி இழுக்கிறது. அதனால் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே நுழையும். தரையில் ஈரத்தைத் தேடுபவருக்கு எதுவும் கிடைக்காது. ஃபில்ட்டருக்குப் பின் உள்ளே இருப்பது வெளியே தெரியும் ஹோஸ் துண்டு ஒன்றைப் பொருத்தி, குமிழி ஓடுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்து ஒவ்வொரு இன்ஜெக்டரும் திருப்பி அனுப்பும் டீசலைத் தனித்தனிக் குப்பியில் பிடித்து ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெகுவாக நிரம்பினால் அழுத்தம் அந்த வழியே போகிறது. டீசலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் உயவுத்தன்மை குறைந்து, பம்பும் இன்ஜெக்டரும் சேர்ந்தே தேய்ந்திருக்கும் என்பதால், மலிவாகக் கிடைத்த டீசலின் மூலத்தையும் விசாரிப்பது நல்லது.

இவ்வளவுக்கும் பிறகு பெட்ரோல் பம்ப்தான் குற்றவாளி என்று தெரிந்தால், டாங்கின் அடியில் தங்கிய மண்ணையும் துருவையும் கழுவாமல் புதியதை இறக்கக் கூடாது. வாயில் வலையையும் ஃபில்ட்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஃபில்ட்டரின் அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். டாங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பது அதைச் சூழ்ந்த பெட்ரோலே என்பதால், எப்போதும் இருபது ராண்டு, ஐம்பது ராண்டு என்று ஊற்றி அடிமட்டத்திலேயே ஓட்டும் வண்டியில் புதிய பம்பும் விரைவில் சூடேறும். பொருத்திய அன்றே மெதுவோட்டத்திலும் ஏற்றத்திலும் மறுபடி அளந்து, அந்த எண்களை ஊர்ப் பெயரோடு வண்டியின் சேவைப் புத்தகத்தில் குறித்துவைத்தால், அடுத்த முறை திணறும்போது ஒப்பிட அந்த வண்டியின் சொந்த எண்ணே கிடைக்கும்.