இணையப் படிவம் நிரப்ப ஆகும் நேரத்தை அளப்பது எப்படி

கடிகாரத்தை எங்கே தொடங்குவது என்பதில்தான் பெரும்பாலான அளவுகள் கெடுகின்றன. பக்கம் திறந்ததிலிருந்து எண்ணினால், டேபைத் திறந்துவிட்டு வேறு வேலைக்குப் போனவரின் நேரமும் சேர்ந்துவிடும். பயனர் படிவத்தின் முதல் கட்டத்துக்குள் (விவரம் நிரப்பும் பெட்டிக்குள்) நுழையும்போது தொடங்குங்கள். அதற்குப் படிவத்தின் மேல் ஒரே ஒரு ‘ஃபோகஸ்இன்’ லிசனர் (ஏதாவது ஒரு கட்டத்துக்குள் நுழைவதைக் கவனிக்கும் நிரல்) போதும். ‘ஃபோகஸ்’ வைத்தால் அது கட்டத்திலிருந்து படிவம் வரை மேலேறி வராது. முதல் கட்டத்தில் ஆட்டோஃபோகஸ் (கர்சர் தானாகவே அங்கே போய் நிற்கும் அமைப்பு) இருந்தால் பக்கம் திறந்ததுமே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட படிவத்தில், கட்டத்தின் உள்ளடக்கம் முதன்முதலில் மாறும்போது எழும் ‘இன்புட்’ நிகழ்வைத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தை, கணினியின் கடிகாரத்தைப் படிக்கும் ‘டேட்.நவ்’ கொண்டு எடுக்க வேண்டாம். அந்தக் கடிகாரம் இடையில் திருத்தப்பட்டால் பூஜ்யத்துக்குக் கீழான விடைகூட வரும். பக்கம் திறந்ததிலிருந்து ஆன நேரத்தைத் தரும் ‘பெர்ஃபார்மன்ஸ்.நவ்’ அப்படிப் பின்னோக்கிப் போகாது. ஆனால் பக்கம் மறுபடி ஏறினால் அது பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சர்வர் பிழை காட்டித் திருப்பி அனுப்பும் படிவங்களில், அதுவரை ஆன நேரத்தை ‘செஷன்ஸ்டோரேஜில்’ (அந்த டேப் மூடப்படும்வரை பிரவுசர் வைத்திருக்கும் சேமிப்பில்) வைத்துக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

டேப் மறைவதையும் மீண்டும் தெரிவதையும் சொல்லும் ‘விசிபிலிட்டிசேஞ்ச்’ நிகழ்வு வழியாக டேப் மறைந்திருந்த நேரத்தைத் தனியே குறியுங்கள். அதைக் கழித்து எறிந்துவிடாதீர்கள். ஓடிபி பார்க்கவோ அட்டை எண்ணைத் தேடவோ போனவரின் நேரமும் அதில் இருக்கும். அதுவும் படிவம் கேட்ட உழைப்புதான். மொத்த நேரம், கண்முன் இருந்த நேரம் இரண்டையும் சேமிப்பதே சரி.

முடிவு, சர்வர் ஏற்றுக்கொண்ட தருணம். பொத்தானை அழுத்தியதை முடிவாகக் கொண்டால், பிழைச் செய்தியைப் பார்த்துத் திருத்திய நேரம் விட்டுப்போகும். பிரவுசரின் சரிபார்ப்பில் தவறினால், படிவம் அனுப்பப்படுவதைச் சொல்லும் ‘சப்மிட்’ நிகழ்வே எழாது. எனவே பொத்தான் அழுத்தல்களைத் தனியே எண்ணுங்கள். மூன்று முறை அழுத்தியவரின் 90 விநாடியும் ஒரே முறையில் முடித்தவரின் 90 விநாடியும் ஒன்றல்ல.

சராசரியை நம்ப வேண்டாம். ஐந்து பேருக்கு 40, 45, 50, 55, 610 விநாடி ஆனால் சராசரி 160. அவர்களில் எவருமே அதற்கு அருகில் இல்லை. வரிசையில் நடுவில் நிற்கும் இடைநிலை அளவு 50. அதோடு 90-ஆவது சதமானத்தையும் (நூற்றில் 90 பேர் அதற்குள் முடித்த நேரம்) பாருங்கள். மொபைல், கணினி இரண்டையும் கலக்காதீர்கள். பிரவுசரே நிரப்பிக் கொடுத்தவர்களையும் பிரித்து வையுங்கள்.

பாதியில் விட்டுப் போனவர்களைப் பதிவு செய்யாவிட்டால், படிவம் மோசமாக மோசமாக நேரம் குறைவதுபோலத் தோன்றும். திணறியவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். பக்கம் மறையும்போது, போகிற போக்கில் சர்வருக்குச் சிறு தகவல் அனுப்பும் ‘செண்ட்பீக்கன்’ மூலம் கடைசியாக நின்ற கட்டத்தின் பெயரை அனுப்புங்கள். பக்கம் மூடப்படும்போது எழ வேண்டிய ‘அன்லோட்’ நிகழ்வை நம்ப வேண்டாம்; மொபைலில் அது பல நேரம் எழுவதே இல்லை. திரும்பி வந்து முடிப்பவர்களும் உண்டு என்பதால் ஒவ்வொரு முயற்சிக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, பதிவில் அந்த முயற்சிக்குரிய அதே வரியைப் புதுப்பியுங்கள். கட்டத்தின் பெயரும் நேரமும் மட்டும் போகட்டும். உள்ளே தட்டச்சு செய்தது எதுவும் இந்தப் பதிவில் சேரக் கூடாது.