கூப்பன் செல்லாததற்குக் காரணம் கூப்பன் இல்லை

தீபாவளி உடுப்பு எடுக்க ஒன்லைன் கடையொன்றின் கூப்பன் வந்தது: 5,000 ரூபாவுக்கு மேல் வாங்கினால் 10 வீதம் கழிவு. மகளின் சட்டை 3,200, மகனின் சேர்ட் 2,400, மொத்தம் 5,600. இலக்கத்தைப் போட்டால் 'இந்தக் கூப்பன் செல்லாது' என்று மட்டும் வரும்.

மூன்று நாள் மினக்கெட்டேன். பூச்சியமா 'ஓ'வா என்று மாற்றிமாற்றி அடித்தேன். மெசேஜிலிருந்து கொப்பி பண்ணும்போது கடைசியில் ஒட்டிவரும் இடைவெளியை அழித்தேன். அப்பை அழித்துத் திரும்பப் போட்டேன். மனுசியின் போனிலும் அதே பதில். கோல் எடுத்தால் "நாளைக்கு ட்ரை பண்ணுங்கோ" என்றார்கள்.

அலுத்துப்போய் சேர்ட்டைக் கூடையிலிருந்து எடுத்தேன். உடனே செய்தி மாறியது: 'இன்னும் 1,800 ரூபாவுக்கு வாங்கினால் கழிவு கிடைக்கும்.' அப்பதான் விளங்கியது. சேர்ட் மலிவு விற்பனையில் விலை குறைத்த சாமான். விலைக்குப் பக்கத்தில் கடுகளவு நட்சத்திரக் குறி. அது கூடையில் கிடந்தால் கூப்பனே ஓடாது.

எப்படியும் அம்மாவுக்கு ஒரு சாறி எடுக்கத்தான் இருந்தது. 2,900 ரூபாவுக்கு அதைச் சேர்த்தேன். 6,100இல் 610 கழிந்து 5,490.

சேர்ட்டைத் தனி ஓடராகப் போட்டால் திருகோணமலைக்குக் கொண்டுவர இன்னொரு 400 கேட்டது. விட்டுவிட்டு இங்கே மத்திய வீதியில் ஒரு உடுப்புக் கடைக்குப் போனேன். அதேபோல ஒன்று, கொலர் மடிப்பில் மட்டும் மெல்லிய மஞ்சள் கோடு, 2,000 ரூபா. ஒரு தரம் தோய்த்ததும் கோடு போய்விட்டது.