அந்தலூசியாவுக்குச் சிறு குழுச் சுற்றுலா: முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

ஸ்பெயினின் தெற்கே அந்தலூசியா. கி.பி. 711இல் தாரிக் இப்னு ஸியாத் படையோடு கடல் கடந்து வந்ததில் தொடங்கி, 1492இல் கிரனாடா வீழும் வரை இங்கே முஸ்லிம் ஆட்சி இருந்தது. வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெர்பர்களையும் அரேபியர்களையும் ஐரோப்பியர்கள் மொத்தமாக மூர்கள் என்றார்கள். அவர்கள் விட்டுச் சென்றவற்றைப் பார்க்க கோர்தோபா, செவில்லா, கிரனாடா என்ற மூன்று ஊர்கள் போதும். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் நல்ல கைடோடு போனால் இன்னும் நல்லது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்கள் இந்த வரிசையில் போங்கள்.

படி 1: அல்ஹம்ப்ரா தேதியை முதலில் பிடியுங்கள்

பலரும் முதலில் விமான டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இந்தப் பயணத்தில் நம் வசதிக்கு வளையாத ஒரே இடம் கிரனாடாவின் குன்றின் மேல் உள்ள அல்ஹம்ப்ரா என்ற கோட்டை அரண்மனை. அதன் உள்ளே இருக்கும், கிரனாடாவை ஆண்ட நஸ்ரித் அரச குலத்தின் அரண்மனைகளுக்கு நாளும் நேரமும் குறித்த டிக்கெட். அந்த நேரத்தைத் தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். சீசனில் பல வாரங்களுக்கு முன்பே விற்றுத் தீர்ந்துவிடும்.

டூர் கம்பெனியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “நஸ்ரித் அரண்மனைகள் சேர்ந்திருக்கிறதா?” தோட்டங்களும் கோட்டையும் மட்டும் பார்க்கத் தனி டிக்கெட் உண்டு. அதை வைத்துக்கொண்டும் ‘அல்ஹம்ப்ரா’ என்று பேக்கேஜில் போட்டுக்கொள்ள முடியும். டிக்கெட் உங்கள் பெயருக்கும் பாஸ்போர்ட் எண்ணுக்கும் பதிவாகும். அன்று அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் உடனே கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள்.

படி 2: மாதம்

மார்ச் கடைசியிலிருந்து மே வரை, அல்லது அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் கோர்தோபாவிலும் செவில்லாவிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்; வெயிலுக்குப் பழகிய நமக்கே மதியம் தெருவில் நடக்க முடியாது. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் செவில்லா திருவிழாக் கோலத்தில் இருக்கும், ஹோட்டல் விலையும் ஏறிவிடும். ஊர்வலங்களைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் சரி, இல்லாவிட்டால் அந்த வாரத்தைத் தவிருங்கள்.

படி 3: குழுவைத் தேர்ந்தெடுப்பது

‘சிறு குழு’ என்பதற்கு ஆளாளுக்கு ஒரு கணக்கு. அதிகபட்சம் எத்தனை பேர் என்று எழுத்தில் வாங்குங்கள். இந்த ஊர்களின் பழைய தெருக்கள் இரண்டு பேர் ஒட்டி நடக்கும் அகலம்தான். நாற்பது பேர் போனால் கடைசி ஆளுக்குக் கைடின் கொடி மட்டும்தான் தெரியும். ஹோட்டல் பழைய ஊருக்குள் இருக்கிறதா, நுழைவுக் கட்டணங்கள் எல்லாம் சேர்த்தியா, ஒவ்வோர் ஊரிலும் உள்ளூர் உரிமம் பெற்ற கைடு வருவாரா என்றும் கேளுங்கள். தினமும் இரண்டு மூன்று மணி நேரமாவது நமக்கென்று விடாத பயணத் திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 4: ஊர்களின் வரிசை

கோர்தோபா, செவில்லா, கிரனாடா. இந்த வரிசையை மாற்றாத கம்பெனியாகப் பாருங்கள். அல்ஹம்ப்ராவை முதல் நாளே பார்த்துவிட்டால் அந்த அலங்காரத்தில் கண் நிறைந்துவிடும். அது எங்கிருந்து வளர்ந்து வந்தது என்பது பிடிபடாது. கோர்தோபாவில் தொடங்கினால் கண் படிப்படியாகப் பழகும்.

கோர்தோபாவின் பெரிய பள்ளிவாசலை முதலாம் அப்துர் ரஹ்மான் என்ற அரசர் 785 வாக்கில் கட்டத் தொடங்கினார். உள்ளே போனதும் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று மேலே பாருங்கள். பழைய ரோமானிய, விசிகோதிய (முஸ்லிம்களுக்கு முன் ஆண்டவர்கள்) கட்டடங்களிலிருந்து எடுத்துவந்த தூண்கள் அவை. நிறமும் தலைப்பகுதியும் ஒன்றுபோல் இருக்காது. அவ்வளவு பெரிய கூடத்துக்கு அவற்றின் உயரம் போதவில்லை. அதனால் ஒரு வளைவின் மேல் இன்னொரு வளைவை ஏற்றிக் கூரையை உயர்த்தினார்கள். சிவப்புச் செங்கல்லும் வெளிர்க் கல்லும் மாறி மாறி வரும் அந்த இரட்டை வளைவுகள் இந்தத் தேவையிலிருந்து பிறந்தவை. பிறகு 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் அல்மன்சூர் என்ற அமைச்சர் விரிவாக்கிய பகுதிக்குப் போய் அதே வளைவுகளைக் கூர்ந்து பாருங்கள். அங்கே செங்கல் கிடையாது, கல்லின் மேல் சிவப்புச் சாயம்தான்! 1236இல் ஊர் கிறிஸ்தவ அரசர் கைக்குப் போனது. 16ஆம் நூற்றாண்டில் தூண்களின் நடுவே தேவாலயம் எழும்பியது.

இன்னொன்று. ஊருக்கு வெளியே எட்டுக் கிலோமீட்டரில், மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936இல் தொடங்கிய மதீனத்துஸ் ஸஹ்ரா என்ற அரண்மனை நகரின் இடிபாடுகள் உள்ளன. பல பேக்கேஜ்களில் இது விடுபட்டுப்போகும். திங்கட்கிழமை விடுமுறை என்பதால் அன்று கோர்தோபாவில் இருக்கும்படி திட்டம் வந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம் செவில்லா, வேக ரயிலில் முக்கால் மணி நேரம். ஹிரால்டா கோபுரத்தில் ஏறுங்கள். 12ஆம் நூற்றாண்டின் பள்ளிவாசல் மினாரா அது, இன்று பேராலயத்தின் மணிக்கூண்டு. கிட்டத்தட்ட உச்சி வரை படிக்கட்டே இல்லை, சாய்தளம்தான். மூட்டு வலிக்காரர்களும் நிதானமாக ஏறலாம். அல்காஸர் அரண்மனையில் கைடிடம் அரபு எழுத்துகளைக் காட்டச் சொல்லுங்கள். அதன் முக்கியப் பகுதி 1360களில் முதலாம் பேத்ரோ என்ற கிறிஸ்தவ அரசர் முஸ்லிம் கைவினைஞர்களைக் கொண்டு கட்டியது. ‘அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் இல்லை’ என்ற கிரனாடா அரச குலத்தின் வாசகம் அதன் சுவரிலும் இருக்கிறது.

அதே காலத்தில் பேத்ரோவின் கூட்டாளியான கிரனாடா சுல்தான் ஐந்தாம் முஹம்மது அல்ஹம்ப்ராவில் சிங்க முற்றத்தைக் கட்டினார். 12 கல் சிங்கங்கள், சுற்றிலும் 124 மெல்லிய பளிங்குத் தூண்கள். அல்காஸரை இரண்டு நாள் முன்புதான் பார்த்திருப்பீர்கள் என்பதால், கைடு சொல்வதற்கு முன்பே ஒற்றுமை கண்ணில் படும். இங்கே தண்ணீரையும் கவனியுங்கள். தார்ரோ ஆற்றை மேட்டிலேயே திருப்பி, பல கிலோமீட்டர் கால்வாயில் அல்ஹம்ப்ரா குன்றுக்குக் கொண்டுவந்தார்கள். பம்பு இல்லாத காலத்தில் நீரூற்றுகள் ஓடியது அந்தச் சரிவினால்தான்.

படி 5: விசா

குழுவில் சேர்ந்தாலும் விசாவுக்கு அவரவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுகளுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்பதை முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

படி 6: சாப்பாடும் செருப்பும்

மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு. பையில் கொறிக்க ஏதாவது இருக்கட்டும். கோர்தோபாவின் சால்மொரேஹோ என்ற குளிர்ந்த தக்காளிக் கூழின் மேல் பன்றி இறைச்சித் துண்டுகளைத் தூவித் தருவார்கள். வேண்டாம் என்றால் “சின் ஹமோன்” என்று சொல்லுங்கள். தேன்பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவலைச் சைவக்காரர்கள் தயங்காமல் கேட்கலாம்.

பழைய ஊர்கள் எல்லாமே கூழாங்கல் பதித்த தெருக்கள், கிரனாடாவின் அல்பைசின் பகுதி முழுக்க ஏற்றம். கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ வாங்கி, கிளம்பும் முன் இரண்டு வாரமாவது ஊரில் போட்டு நடந்து பழக்கிவிடுங்கள்.