லினக்ஸா, பிஎஸ்டியா: பழைய மடிக்கணினிக்குத் தேர்ந்தெடுக்கும்போது செய்யும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய மடிக்கணினியில் இலவச ஓஎஸ் (இயங்குதளம்) போட நினைப்பவர்கள் பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். லினக்ஸ், பிஎஸ்டி இரண்டும் ஓஎஸ் குடும்பங்கள்: மின்ட், டெபியன், உபுண்டு லினக்ஸ் வகை; ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி பிஎஸ்டி வகை. திரையின் தோற்றத்தை எதிலும் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே இருக்கிற வைஃபை சிப்பை அவ்வளவு சுலபத்தில் மாற்ற முடியாது. ஒப்பீட்டை அங்கேயே தொடங்குங்கள்.

லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் எழுதி, நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். முகப்பில் ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து சோதித்தால் போதாது. வளவை (வீட்டின் நடு முற்றத்தை) தாண்டி இரண்டாம் கட்டுக்குக் கொண்டுபோங்கள். அங்கே சிக்னல் மட்டும் குறைந்தால் அது சுவரின் கனம், ஓஎஸ் மேல் பழி போட வேண்டாம். ரவுட்டர் பக்கத்திலேயே வைஃபை பட்டியல் வரவில்லை என்றால்தான் டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) சிக்கல். பிராட்காம் சிப் என்றால் மின்ட்டின் டிரைவர் மேனேஜரில் தேடுங்கள். ஃப்ரீபிஎஸ்டியில் பல பிராட்காம் சிப்புகள் வேலை செய்யாது. டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருள்) நிறுவியோடே வருகிறது. ஓபன்பிஎஸ்டியோ அதை இணையத்திலிருந்து இறக்கும்: வைஃபைக்கு ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேருக்கு இணையம் வேண்டும்! ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி டெதரிங்கில் செருகினால் பெரும்பாலும் முடிச்சு அவிழும். ப்ளூடூத் ஹெட்செட் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஓபன்பிஎஸ்டி வேண்டவே வேண்டாம்; அதில் ப்ளூடூத்தே கிடையாது.

ஃப்ரீபிஎஸ்டி நிறுவி முடித்ததும் வழக்கமாகக் கறுப்புத் திரையில் லாகின் வரி மட்டும் நிற்கும். நிறுவல் கெட்டுவிட்டதென்று அழித்துவிட்டு மறுபடி தொடங்காதீர்கள். திரையில் படம் காட்டும் எக்ஸ்ஆர்கையும், ஜன்னல், மெனு தரும் எக்ஸ்எஃப்சிஇயையும் நீங்கள்தான் தனியாகப் போட வேண்டும்.

பேட்டரி செத்த மடிக்கணினியை நேரே பிளக்கில் ஓட்டுகிறவர்கள் கரண்ட் கட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓபன்பிஎஸ்டியின் கோப்பு முறைமையில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) இல்லை; திடீரென்று அணைந்தால் அடுத்த முறை டிஸ்க் முழுவதையும் சரிபார்க்கும், சில நேரம் பாதியில் நின்று உங்களைக் கேள்வி கேட்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4, ஃப்ரீபிஎஸ்டியின் இசட்எஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகள் இரண்டும் இதைத் தாங்கும்.

உபுண்டுவில் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பையே எடுங்கள்: ஐந்து ஆண்டு ஆதரவு. இடைப் பதிப்புகளுக்கு 9 மாதம்தான். 32 பிட் கணினி என்றால் டெபியன் 13-க்கு நிறுவியே இல்லை. நெட்பிஎஸ்டி இன்னும் வருகிறது. கேனான் எல்பிபி 2900 பிரிண்டர் இருந்தால் பிஎஸ்டி பக்கம் போக வேண்டாம். நிறுவனத்தின் டிரைவர் லினக்ஸுக்குத்தான் உண்டு.

விண்டோஸையும் வைத்துக்கொண்டால், லினக்ஸுக்குப் போய்த் திரும்பியதும் விண்டோஸின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கலாம். கணினியின் உள்கடிகாரத்தை லினக்ஸ் யூடிசி (உலகப் பொது) நேரமாக வைக்கிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரமாகப் படிக்கிறது. உள்கடிகாரத்தை ஓட்டும் சீமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டதென்று புதிது வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள்.