பச்சிளங்குழந்தையின் தையல் புண்ணில் தேன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சுத்தமான கொல்லிமலைத் தேனுங்க சிஸ்டர், கொஞ்சம் தடவி விடுங்க." குழந்தையின் வயிற்றுத் தையலில் சீழ் வைத்துவிட்டால், ஏதோ ஒரு பாட்டி இப்படிப் பாட்டிலை நீட்டுவார். அவர் சொல்வதில் உண்மை உண்டு. அதனால்தான் எனக்குப் பயம்.

இஸ்ரேலிய மருத்துவர்கள் 1998-இல் 9 சிசுக்களைப் பற்றி எழுதினார்கள். 14 நாளுக்கும் குறையாமல் ஆண்டிபயாடிக் ஏற்றியும், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் கழுவியும் ஆறாத அறுவைப் புண்கள். தினம் இரு வேளை 5 முதல் 10 மில்லி தேன் விட்டார்கள். ஐந்தாம் நாளே மாற்றம் தெரிந்தது. 21 நாளில் புண்கள் மூடிவிட்டன. பதப்படுத்தாத தேனைத்தான் விட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு அடுக்களைத் தேனை எடுப்பதுதான் முதல் தவறு. 9 குழந்தைகள்தான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழந்தைகள் இல்லை, எல்லாம் மருத்துவர் கண்ணெதிரே நடந்தது. எவ்வளவு சுத்தமான தேனிலும், தசைகளைச் செயலிழக்க வைக்கும் பொட்டுலிசம் என்ற நோயின் கிருமி வித்துகள் இருக்கலாம். காய்ச்சினால் போகாது, கொதிநீரையும் தாங்கும். சூட்டில் கெடுவது, கிருமியைக் கொல்லும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தேனில் உண்டாக்குகிற நொதிதான். அதனால்தான் மருத்துவத் தேனைக் காமாக் கதிரால் சுத்திகரிக்கிறார்கள். அதுவும் மருத்துவர் சொன்னால் மட்டும்.

புண்ணுக்கு ஆகும் என்றால் வாய்க்கும் ஆகும் என்று நினைப்பது இன்னும் ஆபத்து. சேனை வைக்கும் வழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியது. சொல்லவே சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் ஒரு வயது வரை ஒரு சொட்டுகூட நாக்கில் படக்கூடாது. மலச்சிக்கல், மெலிந்த அழுகை, தொங்கும் இமை, பால் உறிஞ்சத் திணறல் எல்லாம் பொட்டுலிசத்தின் அறிகுறிகள்.

டிரெஸ்ஸிங் மாற்றுவதிலும் தவறு நடக்கிறது. புண்ணில் கசியும் நீர் தேனை நீர்க்கச் செய்யும். துணி நனைந்து ஊறிய பிறகும் "நாளைக்கு மாற்றலாம்" என்று விட்டால் பலன் போய்விடும். காய்ந்து ஒட்டிய காஸ் துணியை வெடுக்கென்று இழுத்தால், அடியில் சிவப்பாகத் துளிர்த்த புதுச் சதையும் கூடவே வரும். சலைன் ஊற்றி, ஊறவிட்டு, ஓரத்திலிருந்து மெல்ல எடுக்க வேண்டும்.

கடைசியாக, காய்ச்சல் வரட்டும் என்று காத்திருப்பது. சிசுவுக்குக் கிருமி ரத்தத்தில் ஏறினால் உடம்பு சுடாமல் சில்லிட்டும் போகலாம். பால் மறுத்து, துவண்டு கிடந்தால் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். புண்ணின் கட்டுத் துணியை வீட்டில் பிரிக்காதீர்கள், அங்கே பிரித்துக்கொள்வார்கள்.