பெட்டியில் உள்ள நாட்டின் பெயரை வைத்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள்

"சைனா பொருளா? ரெண்டு மாசம் தாங்காது." "ஜப்பானா? கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்." பொருளைக் கையில் எடுக்கும் முன்பே இப்படித் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். இதனால் நல்ல பொருளையும் ஒதுக்குகிறோம், மோசமானதையும் நம்புகிறோம்.

பெரிய தவறு, தரம் அந்த நாட்டு மக்களின் குணம் என்று நினைப்பது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை, மோசமான தரத்துக்கும் ஓயாத தொழிலாளர் தகராறுக்கும் பெயர் போனது. 1982-இல் மூடினார்கள். 1984-இல் டொயோட்டாவுடன் சேர்ந்து 'நம்மி' என்ற பெயரில் அங்கே மறுபடி உற்பத்தி தொடங்கியது. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்களே. மாறியது வேலை முறைதான். கோளாறு கண்ணில் பட்டால் கயிற்றை இழுத்து உற்பத்தி லைனையே நிறுத்தும் உரிமை சாதாரணத் தொழிலாளிக்குக் கிடைத்தது. சீக்கிரமே ஜப்பான் ஆலைகளோடு ஒப்பிடும் அளவுக்குக் கார்களின் தரம் உயர்ந்தது.

அதே ஆலையில் பிறகு டொயோட்டா கொரோலாவும், ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற ஜியோ பிரிஸமும் தயாராயின. ஏறக்குறைய ஒரே கார்தான். ஆனாலும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் கொரோலாவுக்கே கூடுதல் விலை. அந்தக் கூடுதல் பணம் பெயர்ப்பலகைக்குக் கொடுத்தது என்றுதான் நான் சொல்வேன்.

பழைய பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்குவதும் தவறு. தரம் குறைந்த வெளிநாட்டுச் சரக்கை மக்கள் அடையாளம் காணட்டும் என்று 1887-இல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. அதனால் ஜெர்மன் பொருள்களில் ஏறிய 'மேட் இன் ஜெர்மனி' பின்னாளில் தரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

நல்ல பெயரும் ஏமாற்றும். டகாட்டா ஜப்பான் நிறுவனம்தான். அதன் ஏர்பேக்குகள் வெடித்து உலோகச் சில்லுகள் பாய்ந்ததில் பலர் இறந்தார்கள். 2017-இல் நிறுவனம் திவாலானது.

அப்புறம், விலையையும் நாட்டையும் குழப்பிக்கொள்வது. மலிவான சீன சார்ஜர் சீக்கிரம் போனால், இறக்குமதியாளர் என்ன விலைக்கு ஆர்டர் கொடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஐபோன்களும் சீனாவில்தான் பெருமளவில் தயாராகின்றன, இப்போது ஸ்ரீபெரும்புதூரிலும்.

சரி, எதைப் பார்ப்பது? உத்தரவாதம் எத்தனை மாதம், சர்வீஸ் எங்கே, உதிரிபாகம் கிடைக்குமா என்று கேளுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதோடு உரிம எண்ணும் இருக்கும். வெளிநாட்டு ஆலையாக இருந்தாலும் அந்த உரிமம் ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனியாகத்தான் தரப்படுகிறது. ஐஎஸ்ஐ முத்திரை தரும் பிஐஎஸ் அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் எண்ணைப் போட்டால், அது யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுக்கப்பட்டது, இன்னும் செல்லுமா என்று பார்த்துக்கொள்ளலாம்.