ஹைட்ரோசீல் சார்ட்டில் கோடர்கள் சறுக்கும் இடங்கள்

நோயாளியின் மருத்துவப் பதிவைப் (சார்ட்) படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் காப்பீட்டுக்கான குறியீடு போடுவது மெடிக்கல் கோடர் வேலை. அதில் ஹைட்ரோசீல் (விரைப்பையில் நீர் கோத்து வீங்குவது) சார்ட் வந்தால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரே குஷி. சின்ன கேஸ், என்43.3 (N43.3) என்ற கோடைப் போட்டுவிட்டு அடுத்ததைத் திறக்கலாம் என்ற நினைப்பு. புதுச்சேரியிலும் கடலூரிலும் பயிற்சி முடித்து வேலைக்கு வரும் பிள்ளைகள் சிக்கலான இதய அறுவை சார்ட்டை நிதானமாகப் படித்துத் தேறிவிடுகிறார்கள். இந்த மாதிரிச் சின்ன கேஸில்தான் ஆடிட்டில் மாட்டிக்கொள்கிறார்கள்.

என்43.3 என்பது வகை குறிப்பிடாத ஹைட்ரோசீலுக்கானது. மருத்துவர் நிஜமாகவே எதுவும் குறிப்பிடவில்லை என்றால் அதைப் போடுவதில் குற்றமில்லை. டயக்னோசிஸ் வரியில் 'ரைட் ஹைட்ரோசீல்' என்று பார்த்ததும் மேற்கொண்டு படிக்காமல் விடுவதுதான் வினை. ஆபரேஷன் நோட்டின் நடுவில் எங்கோ 'என்சிஸ்டெட்' (தனிப்பையாக அடைபட்டது) என்று ஒரு வார்த்தை கிடக்கும், அது என்43.0. தொற்று ஏற்பட்டது என்று எழுதியிருந்தால் என்43.1, கிருமி தெரிந்தால் அதற்கும் தனிக் கோட். வயிற்றறையோடு தொடர்புள்ள கம்யூனிகேட்டிங் வகை, பிறவி என்று எழுதாதபோது, என்43.2. ஸ்பெர்மட்டோசீல் (விந்தணு நீர்க்கட்டி) என்43.4-க்குக் கீழே வரும். கட்டி ஒன்றா பலவா என்பதற்கும் அமெரிக்க நோய்க் குறியீட்டுத் தொகுப்பான ஐசிடி-10-சிஎம்மில் ஓர் இலக்கம் உண்டு. வேரிகோசீல் (விரைப்பையில் ரத்தநாளங்கள் புடைப்பது) இந்தக் குடும்பமே இல்லை, ரத்தநாள அத்தியாயத்தில் ஐ86.1 (I86.1).

குழந்தைகள் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. பிறவி ஹைட்ரோசீலுக்கு பி83.5 (P83.5), பிறந்த சமயத்துப் பிரச்சினைகளுக்கான அத்தியாயத்தில் வருவது. பிறந்து 28 நாள் தாண்டிவிட்டதால் அந்த அத்தியாயத்தைத் தொடக்கூடாது என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படி இல்லை, பிறந்தபோது வந்த பிரச்சினை நீடித்தால் எந்த வயதிலும் அதைப் போடலாம். இன்னொரு பக்கம், மூன்று வயதுப் பையன் என்றதும் பிறவியாகத்தான் இருக்கும் என்று கோடரே தீர்மானிப்பது. அதை மருத்துவர் எழுத வேண்டும். என்43, பி83.5 இரண்டையும் பாதுகாப்புக்காகச் சேர்த்துப் போடுவது இன்னும் மோசம். என்43-க்குக் கீழே பி83.5 எக்ஸ்க்ளூட்ஸ்1 (சேர்த்துப் போடக்கூடாதவை) பட்டியலில் இருக்கிறது.

நம் பக்கத்து ஆட்களுக்கென்றே உள்ள தவறு ஃபைலேரியா. யானைக்கால் நோயைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். வீடு வீடாக வந்து அதற்கான டிஇசி மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்கச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். 1975-இல் தொடங்கிய கொசு ஆராய்ச்சி மையமான விசிஆர்சி புதுச்சேரியில்தான் இருக்கிறது. சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்பும் புழு நிணநாளங்களில் தங்கினால், ஆண்களுக்குக் கால் வீங்குவது போலவே விரையும் வீங்கும். இவ்வளவும் தெரிந்த கோடர், நோயாளியின் முகவரியில் பண்ருட்டி, பரங்கிப்பேட்டை என்று பார்த்ததும் கை துறுதுறுத்து ஃபைலேரியா கோடைச் சேர்த்துவிடுகிறார். முகவரி ஒரு டயக்னோசிஸ் ஆகாது. மருத்துவர் 'ஃபைலேரியல் ஹைட்ரோசீல்' என்று எழுதியிருந்தால்தான் பி74 (B74) வரிசைக்கே போக வேண்டும். அங்கேயும் புழுவின் பெயர் இருந்தால் மட்டுமே பி74.0, இல்லையென்றால் பி74.9. நம் ஊரில் பரவியது பான்கிராஃப்டி வகைப் புழுதானே என்ற வாதம் சார்ட்டுக்கு வெளியே உள்ள அறிவு, அதை வெளியேதான் வைக்க வேண்டும்.

'சஸ்பெக்டட் ஃபைலேரியல்' என்று இருந்தால்? அமெரிக்க விதிப்படி புறநோயாளி சார்ட்டில் சந்தேகத்தை உறுதியான நோயாகப் போடக்கூடாது. உள்நோயாளியாக இருந்து டிஸ்சார்ஜ் வரை அதே சந்தேகம் நீடித்ததாக எழுதியிருந்தால் போடலாம். ஒரே வார்த்தை, சார்ட்டைப் பொறுத்து விடை மாறும்.

அறுவை சிகிச்சைக் கோடில் தலைப்பை நம்பாதீர்கள். 'ஹைட்ரோசீலெக்டமி' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே படித்தால் பையை வெட்டி எடுக்காமல் பாட்டில் முறையில் திருப்பித் தைத்திருப்பார்கள். வெட்டி எடுத்தால் சிபிடி (அமெரிக்க சிகிச்சைக் குறியீட்டுத் தொகுப்பு) 55040, பாட்டில் முறைக்கு 55060, ஊசியால் நீரை மட்டும் உறிஞ்சினால் 55000. இரண்டு பக்கமும் வெட்டி எடுத்தால் 55041. அந்தக் கோடே இருபக்கத்துக்கானது, அதன் மேல் இருபக்கம் என்று காட்டும் 50 மாடிஃபையர் வேண்டாம். கூடவே குடலிறக்கமும் சரிசெய்யப்பட்டிருந்தால் முதலில் வயதைப் பாருங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கான முதல்முறை குடலிறக்கக் கோடுகளில் ஹைட்ரோசீல் அறுவை ஏற்கெனவே அடங்கிவிடும், தனியாகப் போட்டால் கிளைம் திரும்பும். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் குடலிறக்கக் கோடான 49505-உடன் 55040-ஐயும் சேர்க்க சிபிடி புத்தகமே வழிகாட்டுகிறது. இருந்தாலும் அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் விதியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

உள்ளூர் மருத்துவமனைகளில் கேஸ் ஷீட் எழுதுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். என்43-இல் வலது, இடது என்று பிரிவே கிடையாது. அதனாலேயே பக்கம் எழுதுவதில் அசிரத்தை வந்துவிடுகிறது. ஸ்கேனில் இடது, ஒப்புதல் படிவத்தில் வலது, டிஸ்சார்ஜ் சம்மரியில் எதுவுமே இல்லை என்றால் காப்பீட்டுத் திட்டக் கிளைம் நிற்கத்தான் செய்யும். நோயாளி 'இரணியா (ஹெர்னியா) இருக்கு சார்' என்று சொன்னதை அப்படியே குடலிறக்கமாக எழுதிவிடுவதும் உண்டு. டார்ச் அடித்துப் பார்த்ததில் ஒளி ஊடுருவியதா, வீக்கத்துக்கு மேலே விரலால் பிடிக்க முடிந்ததா, இருமும்போது அதிர்வு தெரிந்ததா: இந்த மூன்றையும் ஒரே வரியில் எழுதினால் கோடர் யூகிக்க வேண்டியதில்லை. விரையழற்சியால் வந்த நீர் என்றால் அந்தக் காரணத்தையும் எழுதிவிடுங்கள்.

தெளிவில்லாதபோது மருத்துவருக்குக் கொயரி (விளக்கம் கேட்கும் குறிப்பு) அனுப்பலாம். 'இது ஃபைலேரியல்தானே சார்?' என்று கேட்டால் அது விடையை வாயில் ஊட்டுவது. 'ஹைட்ரோசீலின் வகையும் காரணமும் தெரிந்திருந்தால் குறிப்பிடவும்' என்று கேளுங்கள். வரும் பதில் தேதியோடும் கையெழுத்தோடும் சார்ட்டில் சேர வேண்டும். டாக்டர் வாட்ஸ்அப்பில் போட்ட 'எஸ்' ஆடிட்டில் செல்லாது.